ஊர்பேர் இல்லாத கேமரா

ஆலங்குளம் சிமெண்ட் ஆலைக்காரன் மஞ்சள் பையிலிருந்து டேப்ரெக்கார்டரை முழுதாக வெளியே எடுப்பதற்குள் நைனா முகமது உச்சுக்கொட்டிவிட்டார். பொருளைப் பார்த்த பிறகு உச்சுக்கொட்ட எல்லா வியாபாரிக்கும் தெரியும். பொருள் பாதி பைக்குள் கிடக்கும்போதே கொட்டுவதற்குத் தனிப் பழக்கம் வேண்டும். கொண்டுவந்தவனுக்கு அந்த ஒரு சத்தத்திலேயே பாதி உயிர் போய்விடும். மீதி உயிரை வைத்துக்கொண்டுதான் அவன் விலை பேசியாக வேண்டும்.

“எங்க வேல?”

“சிமெண்ட் ஃபேக்டரியிலங்க பாய்.”

“அதான பாத்தேன். தூசி உள்ள எறங்கிருக்கு. இது இனிமே பாடாது தம்பி, இருமும்.”

கடையில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். ஆலைக்காரனும் சேர்ந்து சிரிக்க வேண்டியதாகிவிட்டது. தன் பொருளைப் பார்த்துத் தானே சிரித்தவன் அதற்கு மேல் முறுக்கிக்கொண்டு நிற்க முடியாது. நைனா முகமது சொன்னதற்கே கொடுத்துவிட்டு, வந்த வழியே போனான். அவன் தெருமுனை திரும்பியதும் நைனா முகமது டேப்ரெக்கார்டரை ஒரு கேசட் போட்டு ஓடவிட்டார். மணி மாதிரி பாடியது.

ராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த அந்தக் கடையில் ஊரிலுள்ள எல்லா வீட்டுப் பரணும் ஒரு முறையாவது வந்து இறங்கியிருக்கும். தையல் மிஷின், சுவர்க் கடிகாரம், வால்வு ரேடியோ, மில்லில் ஓய்வு பெற்றவர்களுக்குக் கொடுத்த கைக்கடிகாரம், கல்யாணத்துக்கு வந்து கட்டுப் பிரிக்காமலே விற்கப்பட்ட மிக்சி. ஒன்றைப் பற்றியும் நைனா முகமது நல்ல வார்த்தை சொன்னது கிடையாது. விற்கும்போதுகூடப் புகழ மாட்டார். “இருக்கு, வேணும்னா எடுத்துக்கிடுங்க” என்பதோடு சரி. வாங்க வந்தவன் அதையே பெரிய நேர்மை என்று எடுத்துக்கொண்டான். நாக்கு ஒரு பக்கமாகவே முப்பது வருஷம் உழைத்து, மறுபக்கம் திரும்புவதையே மறந்துவிட்டது. வீட்டில் மனைவி ஹாஜரா பிரியாணி வைத்தாலும் முதல் கவளத்துக்கு உச்சுக்கொட்டல்தான்.

மெட்ராஸ்காரர் கடைக்குள் வந்தது அந்த டேப்ரெக்கார்டர் பாடிக்கொண்டிருந்த நேரத்தில். நாய்க்குட்டி பார்ப்பதற்காக ராஜபாளையம் வந்தவர். குட்டி இன்னும் தாய்ப்பால் மறக்கவில்லை, அடுத்த மாதம் வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்களாம். பஸ்ஸுக்கு நேரம் இருந்ததால் கண்ணில் பட்ட பழைய சாமான் கடைக்குள் நுழைந்திருக்கிறார். நேரே கேமராக்கள் இருந்த தட்டுக்குப் போய் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். பார்த்த விதத்திலேயே இவர் வாங்க மாட்டார் என்று நைனா முகமதுவுக்குத் தெரிந்துவிட்டது. வாங்குகிறவன் பொருளில் குறை தேடுவான். இவர் சொந்தக்காரர் வீட்டுப் பிள்ளைகளைப் பார்ப்பதுபோல் தூக்கிப் பார்த்து இறக்கி வைத்தார்.

“இதெல்லாம் என்கிட்டயே இருக்கு பாய். பேர் போட்ட கேமரா எவன்கிட்டயும் இருக்கும். பேர் போடாதது ஏதாவது வந்தா சொல்லுங்க.”

“பேர் போடாதது டூப்ளிகேட்லா சார்?”

அவர் சிரித்தார். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கேமரா சேகரிக்கிறவருக்கு வாங்குவதில் பாதிச் சந்தோஷம் என்றால், யாராவது கேட்டால் சொல்வதில் மீதி. ஒரு கம்பெனி புது மாடல் ஒன்றைச் சந்தைக்கு விடும் முன்னால், எங்கே பிசகுகிறது என்று பார்ப்பதற்காக இரண்டோ மூன்றோ கையாலேயே செய்து பார்க்குமாம். அதற்குத் தோதாக லென்சும் தனியாகச் செய்வார்களாம். விற்பதற்கில்லை என்பதால் கம்பெனிப் பெயர் இராது. நம்பர்கூட ஊசியால் கீறியதுதான். சோதனை முடிந்ததும் உடைத்துப் போட்டுவிடுவார்கள். அப்படி உடைபடாமல் ஒன்று தப்பி வெளியே வந்துவிட்டால், அதற்காகவே உலகம் முழுக்கப் பைத்தியங்கள் காத்துக் கிடக்கிறார்கள்.

“புரோட்டோடைப்னு சொல்லுவாங்க. கல்கத்தாவுல ஒரு பெரியவர் வீட்டு அலமாரியில இருந்துச்சு. அவர் அத என்ன விலைக்குக் குடுத்தார்னு கேட்டா நம்ப மாட்டீங்க. இந்தக் கட்டடத்தையே வாங்கி, மேல ஒரு மாடியும் எடுக்கலாம்.”

பேச்சுவாக்கில் கையை மேலே காட்டித்தான் அவர் அதைச் சொன்னார். நைனா முகமதுவும் அண்ணாந்து உத்தரத்தைப் பார்த்தார். உச்சுக்கொட்டுவதற்கு வாய் வரவில்லை.

“வெளக்கித் தொடச்சு வச்சா இன்னும் கூடப் போகுமோ சார்?” என்றார், ஒன்றும் தெரியாதவர் போல.

“ஐயோ, தொடவே கூடாது. எப்படிச் செஞ்சு வச்சானோ அப்படியே இருக்கணும். இப்ப குட்டி பாத்துட்டு வர்றேன்ல, பால் மாதிரி வெள்ளை, மூக்கு ரோஸ். அதுகூடப் பிறந்தது ஒண்ணு, காதுல கடுகு மாதிரி ஒரு கறுப்புப் புள்ளி. வேண்டாம்னுட்டேன். இதுவும் அப்படித்தான். ஒரு புதுக் கீறல் விழுந்தா, பித்தளைக் கடைக்குப் போட வேண்டியதுதான்.”

அவர் முகவரிச் சீட்டைக் கொடுத்துவிட்டுப் போன பிறகும் நைனா முகமது வெகுநேரம் உத்தரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கட்டடம் விலைக்கு வந்திருந்தது. வாடகை வாங்கிய கட்டட முதலாளி காலமாகி, மகன்கள் ஆளுக்கொரு ஊரில். மூத்தவர் போன வாரம்தான் வந்து, தெலுங்கும் தமிழுமாக நயமாகப் பேசிவிட்டுப் போயிருந்தார். முதலில் உமக்குத்தான் கேட்கிறோம் பாய், மார்கழிக்குள் சொல்லிவிடும், இல்லையென்றால் ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் கேட்கிறார். ஜவுளிக்கடைக்காரர் வாங்கினால் இடிப்பார். இடித்தால் நைனா முகமதுவுக்கு மிஞ்சுவது அவரைப் பெற்ற அத்தாவின் இடம்தான். ஸ்ரீவில்லிபுத்தூர்ச் சந்தையில் சாக்கு விரித்துப் பழைய பூட்டும் சாவியும் விற்றவர் அத்தா. மழை தூறினால் நான்கு மூலையையும் கூட்டிப் பிடித்துக்கொண்டு ஓட வேண்டும். அந்தச் சாக்கின் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு ஓடியவர் இவர். ஓடும்போது சந்தையே பார்த்துச் சிரிப்பது போலிருக்கும். தலைக்கு மேல் ஒரு கூரை, கூரைக்குக் கீழே ஒரு நாற்காலி, அதற்கு மேல் அவர் வாழ்க்கையில் எதற்கும் ஆசைப்பட்டதில்லை. இந்த ஐம்பது வயதுக்கு மேல் மறுபடி சாக்கா?

பெயரில்லாத கேமரா ஒன்று மம்சாபுரத்தில் இருந்தது. கண்ணுச்சாமியின் டிரங்குப் பெட்டியில்.

கண்ணுச்சாமியும் அவரும் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒன்றாகப் படித்தவர்கள். முறை ஒன்றும் கிடையாது என்றாலும் ஆளுக்கு ஆள் மாப்பிள்ளைதான். கண்ணுச்சாமி பட்டாளத்துக்குப் போனார். ஐ.நா. படையோடு காஸாவுக்கு அனுப்பினார்கள். அங்கே மஞ்சள்காமாலை வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பக்கத்துக் கட்டிலில் அதே காமாலையோடு ஒரு வெள்ளைக்காரன். அவன் வாந்தி எடுக்கும்போதெல்லாம் இவர் தலையைப் பிடித்திருக்கிறார். குணமாகிப் போகும்போது அவன் கழுத்திலிருந்த கேமராவைக் கழற்றி இவர் கழுத்தில் போட்டுவிட்டான். அவனுடைய சித்தப்பா ஜெர்மனியில் கேமரா கம்பெனியில் வேலை பார்த்தவராம். “மூணே மூணுதான் செஞ்சானாம் மாப்ள, உலகத்துலயே. இது ரெண்டாவது” என்று கண்ணுச்சாமி சொல்வார். பட்டாளத்துக்காரன் ஊருக்கு வந்து சொல்கிற கதைகளோடு கதையாக அதையும் சேர்த்துவிட்டார்கள். மம்சாபுரம் டீக்கடையில் அவருக்கு ‘மூணுல ரெண்டு’ என்று பட்டப்பெயரே விழுந்தது.

பென்ஷனோடு ஊர் திரும்பிய புதிதில் ஒரு நாள் அதைக் கடைக்குக் கொண்டுவந்தார். விற்பதற்கு இல்லை. பொருள் தெரிந்தவன் வாயால் இது நல்ல பொருள் என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு போய் டீக்கடையில் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். நைனா முகமது வாங்கிக் கண்ணில் வைத்துப் பார்த்தார். துளைக்குள் தெருக்கோடியில் நின்ற பால்காரர் இரண்டாகத் தெரிந்தார், ஒருவர் தெளிவாக, இன்னொருவர் அவர் தோளில் ஆவி போல. லென்சின் வளையத்தை மெல்லத் திருப்பினால் ஆவி நகர்ந்து நகர்ந்து வந்து பால்காரர் மேல் பட்டென்று உட்கார்ந்தது. இரண்டு பேர் ஒரே ஆளாகிவிட்டார்கள். வளையம் வெண்ணெயில் ஓடுவது போல ஓடியது. இப்படி ஒரு பொருள் தன் கைக்கு வந்ததே இல்லை என்று அந்த நிமிடமே அவருக்குத் தெரிந்தது. கண்ணிலிருந்து இறக்கினார். கடையில் ஆள் இருந்தது. நாக்கு தன் பாட்டுக்கு வேலையைத் தொடங்கிவிட்டது.

“என்ன மாப்ள, பேரே இல்லியே இதுல? நம்ம வீட்டுச் செம்புல கூடப் பேர் வெட்டிருக்கு. பேரில்லாத பொருளெல்லாம் ஒரு பொருளா? ஊர்பேர் இல்லாத பய ஒருத்தன் ஒன் கழுத்துல மாட்டிவிட்டுட்டுப் போயிட்டான்.”

எல்லோரும் சிரித்தார்கள். கண்ணுச்சாமியும் சிரித்தார். சிரித்துக்கொண்டே கேமராவைப் பழைய பட்டாளக் கம்பளிச் சாக்ஸுக்குள் நுழைத்து எடுத்துக்கொண்டு போனவர், அதற்குப் பிறகு காஸாவைப் பற்றியே பேசுவதை விட்டுவிட்டார்.

மெட்ராஸ்காரர் வந்துபோன அன்று சாயங்காலம் ஹாஜராவிடம் மட்டும் நைனா முகமது விஷயத்தைச் சொன்னார். அவள் மீன் அலசிக்கொண்டிருந்தாள்.

“நேராப் போய்க் கேளுங்களேன். அவுக ஒங்களுக்கு இல்லேன்னா சொல்லுவாக?”

“ஏட்டி, வேணும்னு கேட்டு வாங்குறவன் வியாபாரியா?”

“வியாபாரிய யாரு போகச் சொன்னா? கூட்டாளியாப் போங்கன்னேன்.”

“நீ மீனப் பாரு.”

கண்ணுச்சாமியை ஏமாற்றப் போவதாக அவர் நினைக்கவில்லை. கட்டடம் கைக்கு வந்ததும் பொறவு ஏதாவது பெரிதாகச் செய்துவிடலாம், ஒரு கலர் டி.வி. வாங்கிக் கொடுத்தால் அவன் மனைவி குருவம்மாள் சந்தோஷப்படுவாள். இப்படி நினைத்துக்கொண்டதும் மனசுக்கு வசதியாக இருந்தது.

மம்சாபுரத்தில் அவர் பஸ்ஸை விட்டு இறங்கியபோது கண்ணுச்சாமி அப்போதுதான் மில்லில் காவல் முறை முடிந்து வந்து குளித்திருந்தார். தலையில் ஈரத்துண்டு.

“என்ன மாப்ள, வழி தப்பிட்டியா?”

“கான்சாபுரத்துல ஒரு தையல் மிஷினு பாக்கப் போயிருந்தேன். வார வழிதானன்னு ஒரு எட்டு…” கான்சாபுரம் பக்கம் அவர் தலைவைத்தே ஆறு மாதம் ஆகிறது.

“தையல் மிஷினு என்ன கதி? ஒம்ம வாய்ல விழுந்துச்சா, தப்பிச்சுச்சா?” என்று உள்ளேயிருந்து குருவம்மாள் கேட்டாள். காப்பியைக் கொண்டுவந்து வைத்தாள். “காப்பிக்காவது உச்சுக்கொட்டாமக் குடிங்கண்ணே.”

நைனா முகமது குடித்தார். மழையைப் பற்றிப் பேசினார், மில் நிலவரத்தைப் பேசினார், கண்ணுச்சாமியின் மகன் பட்டாளத்திலிருந்து போட்ட கடிதத்தைப் பற்றி விசாரித்தார். எழுந்து செருப்பைத் தேடுகிற நேரத்தில்தான் பேச்சோடு பேச்சாக அதைப் போட்டார். வேண்டிய பொருளைப் பற்றிக் கடைசியில்தான் கேட்க வேண்டும், அதுவும் போகிற காலோடு.

“ஆமா, அந்த ஊர்பேர் இல்லாத பொட்டி இருந்துச்சே, இருக்கா? இல்ல எடைக்குப் போட்டுட்டியா?”

கண்ணுச்சாமி டிரங்குப் பெட்டியைத் திறந்து கம்பளிச் சாக்ஸோடு எடுத்து வந்தார். நைனா முகமது உருவிப் பார்த்தார். மேல்தகட்டில் எழுத்தே இல்லை. லென்சு வளையம் மொழுமொழுவென்று இருந்தது. கறுப்புப் பூச்சு ஓரங்களில் மட்டும் தேய்ந்து, அடியில் பித்தளை தேன் நிறத்தில் மினுங்கியது. அடித்தகட்டில் ஊசியால் கீறிய ஒரு ரெண்டு. மூணுல ரெண்டு.

“லென்சுல பூஞ்சக்காளான்கூடப் புடிக்கலியே மாப்ள. அதுக்கே இது வேண்டாம் போலருக்கு.”

குருவம்மாள் சிரித்துவிட்டாள். கண்ணுச்சாமி சிரிக்கவில்லை.

“நீ எதுக்குக் கேக்க?”

“புதுசா ஒரு கட போடலாம்னு இருக்கேன். ஷோகேஸ்ல மேல்தட்டு சும்மா கெடக்கும், பழசா எதையாவது வச்சா ஒரு அழகு. பொம்ம மாதிரின்னு வையி. நீ என்ன கேக்கியோ கேளு.”

“புதுக்கடையா!” கண்ணுச்சாமியின் முகம் மலர்ந்துவிட்டது. “அடேய், இத மொதல்லயே சொல்லாம தையல் மிஷினு, மழைங்கியே! ஏய் குருவு, மாப்ள புதுக்கட போடுதான்.” கேமராவை வாங்கி உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மனைவியின் முகத்தைப் பார்த்தார். “கடைக்கு என்ன பேரு வைக்கப் போற?”

“பேருக்கென்ன, நைனா ஸ்டோர்தான்.”

“தாரேன் மாப்ள. ஆனா இன்னைக்கு வேண்டாம். செத்தப் பொறு. ஒரு பத்து நாளு போட்டும்.”

நைனா முகமதுவின் உள்ளே எல்லாம் உஷாராகிவிட்டன. முப்பது வருஷத்தில் ‘இன்னைக்கு வேண்டாம், பத்து நாள் போகட்டும்’ என்ற பேச்சை அவர் ஆயிரம் வாயிலிருந்து கேட்டிருக்கிறார். ஆயிரம் வாய்க்கும் ஒரே அர்த்தம்தான். வேறு யாரிடமோ விசாரிக்கப் போகிறான். மனைவியைப் பார்த்தானே, அந்தப் பார்வைக்கு வேறென்ன அர்த்தம்? மகன் பட்டாளத்தில் இருக்கிறான், யாராவது மேஜர் கீஜரிடம் கேட்டுச் சொல்லியிருப்பான். இந்த இடத்தில் ஆசையைக் காட்டினால் முடிந்தது கதை. இன்னும் ஒரு சுற்று மட்டம் தட்டிவிட்டுப் போவதுதான் முறை.

“அவசரமே இல்ல மாப்ள. இல்லாட்டியும் ஒண்ணுமில்ல. யோசிச்சுப் பாத்தா எனக்கே ஒரு மாதிரிதான் இருக்கு. புதுக்கடையில வந்து எவனாவது, என்ன பாய் பேரில்லாத பொருளத் தூக்கி நடுவுல வச்சிருக்கீரேன்னு கேட்டா கேவலம்லா?”

“அதுவும் சரிதான்” என்றார் கண்ணுச்சாமி யோசனையோடு. “அதுவும் சரிதான்.”

அதற்குப் பிறகு நைனா முகமது அந்தப் பக்கமே போகவில்லை. போகாமல் இருப்பதும் வியாபாரம்தான், சொல்லப்போனால் அதுதான் கஷ்டமான வியாபாரம். கண்ணுச்சாமி காவல் பார்க்கிற மில் வழியாகத்தான் அவர் தினமும் தொழுகைக்குப் போவார். வேறு தெருவில் சுற்றிக்கொண்டு போனார். ராத்திரியெல்லாம் தூக்கத்தில் மாடி கட்டினார். மெட்ராஸ்காரருக்கு, அப்படி ஒன்று இருப்பதாகக் கேள்வி, வரும்போது பார்க்கலாம் என்று ஒரு கார்டு மட்டும் போட்டார். அதில்கூட ‘இருக்கிறது’ என்று எழுதாமல் ‘கேள்வி’ என்று எழுதிய தன் சாமர்த்தியத்தை நினைத்து ஒரு தடவை தனியாகச் சிரித்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு மெட்ராஸ்காரர் காரில் வந்து இறங்கினார். பின் சீட்டில் கூடைக்குள் வெள்ளைக் குட்டி. டீ வரவழைத்து, வந்தவர் பாதி குடித்திருப்பார், எதிர்ச்சாரியில் கண்ணுச்சாமி வருவது தெரிந்தது. கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை. கையில் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பாத்திரக்கடை ஒன்றின் பெயர் அச்சடித்த துணிப்பை. நடையில் பட்டாளம் இருந்தது. அல்லாவே ஆளைக் கொண்டுவந்து நிறுத்துகிறான் என்று நைனா முகமது நினைத்தார். தானாக வருகிறவன் இறங்கி வருகிறவன், இனிச் சொன்ன விலைதான். மெட்ராஸ்காரரிடம் குனிந்து, “நான் பேசுதேன் சார், நீங்க வாயத் தொறக்காதீக” என்றார்.

“வா மாப்ள. என்ன, பொட்டியத் தலையில கட்டத்தான வந்திருக்க?”

“ஆமா, தலையிலதான் கட்டப் போறேன்.” கண்ணுச்சாமி பையிலிருந்து ஒரு சரிகைத் துண்டு மூட்டையை எடுத்து மேசை மேல் வைத்தார். மெட்ராஸ்காரருக்கும் ஒரு வணக்கம் போட்டார். “சார் இருக்கறதும் நல்லதுதான், நாலு பேரு முன்னாடி குடுத்தாத்தான் எனக்கும் பெருமை. வெலயக் கிலயச் சொன்னேன்னா பிச்சுப்புடுவேன், ஆமா. நீ புதுக்கட போடுத, நான் ஒரு செம்பு வாங்கி வைக்க வேண்டாமா? செம்புக்குப் பதிலா இது.”

துண்டைப் பிரித்தார்.

கறுப்பு என்று ஒரு துளி இல்லை. பட்டாளத்தில் பெல்ட் வில்லையை மினுக்கிய கை அது, பத்து நாளும் பிராஸோ பாலிஷ் போட்டுத் தேய்த்திருக்கிறது. குத்துவிளக்கு மாதிரி தகதகத்தது கேமரா. மேல்தகட்டில், ஒரு மூலை விடாமல், பாத்திரத்தில் பெயர் வெட்டுவது போலவே புள்ளிப் புள்ளியாகக் குத்திய எழுத்துகள்.

நைனா ஸ்டோர், ராஜபாளையம். புதுக்கடை திறப்பு விழா அன்பளிப்பு. ஹவில்தார் கண்ணுச்சாமி, மம்சாபுரம்.

லென்சின் வளையத்தைச் சுற்றி மூன்று இடத்தில் 786. அடித்தகட்டில் ஊசிக் கீறலாக இருந்த அந்த ரெண்டு, தேய்த்த தேய்ப்பில் இருந்த இடம் தெரியவில்லை.

மெட்ராஸ்காரர் அதைக் கையில் எடுத்தார். ஆட்டிப் பார்த்தார். உள்ளே ஏதோ கழன்று, காய்ந்த புடலங்காய் விதை போலக் கலகலத்தது. லென்சைப் பார்த்தார், அடியைப் பார்த்தார், கடைசியில் மேல்தகட்டை விரலால் தடவினார். இழவு வீட்டில் முகத்தைத் தடவுவது போலிருந்தது.

“இது… யார் செஞ்சது?”

“பாத்திரக்கட சங்கையா, சார். ஸ்ரீவில்லிபுத்தூர்ல அவன்தான் கைக்காரன். மிஷின்ல போடவாண்ணேன்னான். மிஷினு எழுத்து நாளாவட்டத்துல அழிஞ்சிரும், சுத்தியலும் உளியும் வச்சு ஆழமா வெட்டுலேன்னு பக்கத்துலயே குத்தவச்சு இருந்து வெட்டி வாங்கிட்டு வாரேன்.” கண்ணுச்சாமி நைனா முகமதுவின் பக்கம் திரும்பினார். “அன்னைக்கே எடுத்துட்டுப் போன்னு சொல்ல வாய் வந்துச்சு மாப்ள. ஆனா நீ இந்தக் கடையில வச்சுச் சொன்னது எனக்கு மறக்கல பாத்துக்க. பேரில்லாத பொருளு ஒரு பொருளான்னு. நெசந்தான? நாளைக்கி ஒன் கடைக்கு வாரவன் ஒன்னயக் கேவலமாப் பேசவா? அதான், எம்புட்டுப் பேரு உண்டோ அம்புட்டையும் போட்டுட்டேன்.”

காருக்குள் குட்டி முனகியது. மெட்ராஸ்காரர் கேமராவை மேசையில் வைத்தார். எழுந்தார். கண்ணுச்சாமியைப் பார்த்து, “பெரியவரே, இது என்னன்னு உங்களுக்கு…” என்று ஆரம்பித்தார்.

“சார்” என்றார் நைனா முகமது. குரல் அவருடையது போலவே இல்லை. “குட்டி வெயில்ல கெடக்கு. நீங்க கெளம்புங்க சார்.”

மெட்ராஸ்காரர் நைனா முகமதுவின் முகத்தைச் சற்று நேரம் பார்த்தார். எத்தனையோ ஊரில் எத்தனையோ கடையில் பேரம் பேசியவர், அவருக்கு விளங்க ஒன்றும் பாக்கி இருக்கவில்லை. பாதி டீயை அப்படியே விட்டுவிட்டுப் போனார். கார் தெருமுனை திரும்புகிறவரை நைனா முகமது அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வாயை எதற்காக அடைத்தோம் என்று தன்னைத்தானே கேட்டுக்கொண்டார். கூட்டாளி மனசு உடைந்துவிடக் கூடாது என்பதற்காக என்று சொல்லிக்கொள்ள நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கான்சாபுரத்துத் தையல் மிஷினும், பூஞ்சைக்காளானும், வேண்டும் என்ற ஒரு வார்த்தையைச் சொல்லாமல் மென்று விழுங்கிய அந்தச் சாயங்காலமும் ஒன்றின் பின் ஒன்றாக வெளியே வந்து மேசையில் உட்காருமே, அதுதான் பயம். முப்பது வருஷத்து வியாபாரத்தில் தன் சரக்கின் தரம் அவருக்கு நன்றாகவே தெரியும்.

“யாரு அவரு? முகத்தத் தூக்கிட்டுப் போறாரு?”

“நாய் வாங்க வந்தவரு.”

“சரி, நீ ஒண்ணும் சொல்லலியே. எப்படி இருக்கு?”

கண்ணுச்சாமி கேட்டுவிட்டு, முன்பொரு நாள் நின்ற அதே இடத்தில், அதே முகத்தோடு நின்றார். அன்றைக்கு வேண்டியிருந்த வார்த்தைதான் இன்றைக்கும். நைனா முகமது வாயைத் திறந்தார். பழக்க தோஷத்தில் நாக்கு மேலண்ணத்தில் போய் ஒட்டி, உச்சுக்கொட்டுவதற்குத் தயாராக நின்றது. அதைப் பெயர்த்துக் கீழே இறக்குவதற்குள் நெற்றியில் வேர்த்துவிட்டது.

“நல்ல பொருளு மாப்ள” என்றார். “இந்தக் கடைக்கு இது மாதிரி ஒரு பொருளு வந்ததே இல்ல.”

“அப்படிச் சொல்லு!” கண்ணுச்சாமி மேசையை ஓங்கித் தட்டினார். “டீக்கடைக்காரப் பயலுவ வந்து கேக்கணும் இத. சரி, கடைத் தொறப்பு என்னைக்கு? தேதி குறிச்சாச்சா?”

“சொல்லுதேன்.”

“குருவு பட்டுச்சீல எடுத்து வச்சிட்டா. சொல்லாம விட்டுறாத.” அவர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். “அன்னைக்குப் பேரில்லாமப் பாத்த, இன்னைக்குப் பேரோட பாரு. ஒரு போட்டோ புடிச்சுப் பாரு மாப்ள. ஃபிலிமு இல்லாட்டி என்ன, சும்மா பாரு. நான் வெளிச்சத்துல போய் நிக்கேன்.”

படியிறங்கித் தெருவுக்குப் போய், வெயிலில், தூரத்தைக் கண்ணால் அளந்து, அட்டென்ஷனில் நின்றார். நைனா முகமது கேமராவை எடுத்தார். தேய்த்த பித்தளை வெயில் பட்டுச் சுட்டது. குத்திய எழுத்தின் பிசிறு உள்ளங்கையில் உறுத்தியது. கண்ணில் வைத்தார். துளைக்குள் இரண்டு கண்ணுச்சாமி. ஒருவர் தெருவில் நின்றார். இன்னொருவர் அவருக்கு மேலே கொஞ்சம் சரிந்து, ஆவியாக, கூரைகளுக்குப் பக்கத்தில். வளையத்தைத் திருப்பினார். ஆவி அசைந்தது. கிட்டே வந்தது, தோளைத் தொட்டது, அப்படியே தாண்டி அந்தப் பக்கம் போய்விட்டது. மறுபடி திருப்பினார். மணல் அரைபடுவது போலச் சத்தம் கேட்டது. இந்தப் பக்கம் வந்தது, மறுபடி தாண்டிற்று.

“சேந்துட்டனா மாப்ள?” என்று வெயிலிலிருந்து கண்ணுச்சாமி கத்தினார். துளைக்குள் இரண்டு கண்ணுச்சாமியும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

“இரு, அசையாத” என்றார் நைனா முகமது. வளையத்தைத் திருப்பிக்கொண்டே இருந்தார்.